அத்தான் கிடாரின் இரண்டு உயரங்கள்

அத்தானுக்கு ஒரு பொருள் மீது ஆசை வந்துவிட்டால் வீடு தாங்காது. அக்காவோடு தங்கி வேலைக்குப் போகலாம் என்று அந்த வீட்டுக்கு வந்த முதல் மாதமே சின்னவள் இதைத் தெரிந்துகொண்டாள். அப்போது மீன் தொட்டி நடந்துகொண்டிருந்தது. மீன்களுக்குக் காலை வணக்கம் சொல்லாமல் மனிதர் பல் தேய்க்க மாட்டார். அதற்குப் பிறகு தொலைநோக்கி வந்தது. எங்கள் வீட்டு ஜன்னலைத்தான் பார்க்கிறீர்கள் என்று எதிர்மாடிக்காரர் சண்டைக்கு வந்ததும், அது பரணில் ஏறிப் படுத்துக்கொண்டது. உடம்பைக் குறைக்க வாங்கிய ஓடும் மெஷினில் இப்போது ஈரத்துண்டு காய்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். வந்த புதிதில் யாரும் கிட்டேகூடப் போகக் கூடாது. "தொடாதே, அது ரொம்ப நாசூக்கானது" என்று காவல் காப்பார். கொஞ்ச நாளில் கொட்டாவி வரும். பிறகு ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, "ஏய் வாலு, இது உனக்கு வேணுமா? வேணும்னா எடுத்துக்கோ" என்பார். அவளுக்குச் சைக்கிள் வந்தது அப்படித்தான், கேமரா வந்ததும் அப்படித்தான். அக்கா போட்டுக் கழித்த சட்டையிலும் செருப்பிலும் வளர்ந்தவளுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அடுத்தவர் அலுத்துப்போனது தனக்கு வந்து சேரும் என்று பொறுமையாகக் காத்திருக்கப் பழகியிருந்தாள்.

அந்தப் பொறுமையெல்லாம் கிடார் வந்த அன்றோடு போயிற்று.

எலக்ட்ரிக் கிடார். கருஞ்சிவப்பு உடம்பு, நகம் பட்டால் கீறல் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. அத்தான் வேலை பார்க்கும் சரக்குக் கம்பெனியில் ஆண்டு விழாவுக்கு ஒரு இசைக்குழு சேர்க்கிறார்களாம். ஸ்டோர் கீப்பர் டிரம்ஸ், ரிசப்ஷனில் இருக்கும் பெண் பாட்டு, அத்தான் கிடார். வாசிக்கத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார்.

சின்னவளுக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியும். படிக்கிற காலத்தில் விடுதியில் அறைத் தோழியின் பழைய கிடாரை வாங்கி வாங்கி, தோழியைவிட நன்றாகவே வாசித்தாள். படிப்பு முடிந்தது, தோழி போனாள், கிடாரும் போனது. அதற்குப் பிறகு கடை ஜன்னலில் கிடாரைப் பார்த்தாலே அவள் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். அப்படிப்பட்டவளின் கண் முன்னால், சாப்பாட்டு மேஜையிலிருந்து கையெட்டும் தூரத்தில், அந்தக் கருஞ்சிவப்புக்காரி ஸ்டாண்டில் சாய்ந்து நின்றாள். பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விட்டது. எனக்கு வேண்டும், இது ஒன்று மட்டும் எனக்கு வேண்டும் என்று உள்ளே ஒரே அடம்.

"அத்தான், ஒரே ஒரு தடவை?"

"மூச்! கை வச்சா ட்யூன் போயிடும்."

"எனக்கு ட்யூன் பண்ணத் தெரியும்."

"அதான் பயமா இருக்கு. போ, போய் உன் கண்ணாடியைத் துடை."

கண்ணாடி என்று அவர் சொன்னது அவளுடைய வேலையை. சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவள். காதுக்குப் பின்னால் அழுத்துகிறது, மூக்கிலிருந்து நழுவுகிறது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று வருகிறவர்களை உட்காரவைத்து, குட்டி ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருகிச் சரிசெய்து அனுப்புவாள். அந்த ஸ்க்ரூடிரைவர் எப்போதும் அவளுடைய கைப்பையில் கிடக்கும். கடை திறப்பது பதினொரு மணிக்கு. அத்தான் எட்டுக்கே கிளம்பிவிடுவார், அக்காவும் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுவாள். நடுவில் வீடு காலி. சொல்ல வேண்டுமா?

முதல் நாள் கதவைத் தாழிட்டுவிட்டுக் கிடாரை மடியில் வைத்தாள். வாசித்துப் பார்த்தாள். நல்ல குரல். ஆனால் கம்பிகள் அவளுடைய சின்ன விரல்களுக்குக் கொஞ்சம் உயரம். கழுத்துப் பலகைக்கும் அதன்மேல் ஓடும் கம்பிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் கிடார்காரர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். இடைவெளி கூடினால் கம்பியை அமுக்க விரல் முறிய வேண்டும். ஒரேயடியாகக் குறைந்தால் கம்பி ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளில் இடித்து இரையும். கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு திருகு. அதைத் திருகினால் பிரிட்ஜ் ஏறும், இறங்கும், கூடவே கம்பிகளும். ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். கண்ணாடிக் கடைக்காரிக்கு இதெல்லாம் ஒரு வித்தையா?

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. காலையில் தனக்குத் தோதாக இறக்குவாள், ஆசை தீர வாசிப்பாள், கடைக்குக் கிளம்பும் முன் பழைய உயரத்துக்கே ஏற்றி, ட்யூன் பண்ணி, துணியால் கைரேகையைத் துடைத்து, ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அத்தான் வந்து அதே கிடாரைப் படாதபாடு படுத்துவார். அவள் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டே, 'கொட்டாவி எப்போ வரும்?' என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏற்றும்போது கால் சுற்றுக் கூடுதலாகக் கை திருகிவிட்டது. கைதான் திருகியது, தான் இல்லை என்று அவள் இன்றைக்கும் சாதிப்பாள்.

அன்று ராத்திரி அத்தான் விரலை ஊதிக்கொண்டார். "என்னமோ இன்னைக்கு நோகுது."

"அப்படியா அத்தான்? ஐயோ பாவம்" என்றாள் சின்னவள். முகத்தில் அப்படி ஒரு கவலை. உள்ளே குத்தாட்டம்.

வழி பிறந்துவிட்டது. கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் விரல் வலிக்கும், விரல் வலித்தால் வெறுத்துப்போகும், வெறுத்துப்போனால், ஏய் வாலு, இது உனக்கு வேணுமா? மீனும் நிலாவும் சலித்துப்போன மனிதர், இந்த வலிக்குப் பிறகுமா தாங்குவார்? அடுத்த திங்கட்கிழமை இன்னொரு கால் சுற்று. வாரக் கடைசியில் இன்னொன்று. ஒரேயடியாக ஏற்றினால் கண்டுபிடித்துவிடுவார் என்று, மூக்குக்கண்ணாடி பொருத்துகிற அதே நிதானத்தோடு ஏற்றினாள். கிடாருக்கு இப்போது இரண்டு உயரம். காலையில் சின்னவளுக்குப் பஞ்சு மாதிரி, ராத்திரி அத்தானுக்கு முள்வேலி மாதிரி.

பாவம் மனிதர். வெந்நீரில் விரலை ஊறவைத்தார். எண்ணெய் தடவினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை அக்காவை விட்டுப் பிடித்துவிடச் சொன்னார்.

"கடையில கொண்டுபோய்க் காட்டுங்களேன்" என்றாள் அக்கா.

சின்னவள் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

"எதுக்கு? கடைக்காரன் அன்னைக்கே சொன்னான், வலிச்சாதான் கை பழகுதுன்னு அர்த்தம்னு" என்றார் அத்தான். "எனக்கு முதல்ல வலிக்கவே இல்ல. இப்பத்தான் வலிக்க ஆரம்பிச்சிருக்கு. நான் முன்னேறிட்டு இருக்கேன், புரியுதா?"

சின்னவள் அப்படியே திருதிருவென்று விழித்தாள். வலியை இப்படியும் ஒருவர் பெருமையாக எடுத்துக்கொள்வாரா? சரி, எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிடலாம் என்று அவளும் வரிந்துகட்டிக்கொண்டு ஏற்றினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அவள் ஏற்ற, அவர் வாசிக்க, ஏற்ற, வாசிக்க, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு மல்யுத்தமே நடந்தது. விரல் நுனிகள் முதலில் சிவந்தன, அப்புறம் உரிந்தன, அப்புறம் காய்த்துப்போய் மேஜையில் தட்டினால் டொக் டொக் என்றன. ஒருநாள் அவர் வாசித்ததைக் கேட்டு அடுப்படியில் அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. அடேயப்பா! ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, மணியாக விழுந்தது. ஒரு உரசல் இல்லை, பிசிறு இல்லை. அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. மறுகணமே, சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை. விழா முடியட்டும். விழாவுக்காகத்தானே இந்தப் பாடு? மேடை ஏறி இறங்கிவிட்டால் கதை முடிந்தது, கிடார் தன் அறைக்கு வந்துவிடும். இப்படி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விழா அன்று காலை. கம்பிகளை முழுக்க இறக்கி, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. கம்பெனி வேன் டிரைவர்.

"சார் கிடாரை எடுத்துட்டு வரச் சொன்னாரும்மா. எல்லாச் சாமானும் இப்பவே ஹாலுக்குப் போயாகணும்."

"ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க, தரேன்."

"அஞ்சு நிமிஷமா? வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேம்மா. கேக்குதா?" கீழே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "அப்படியே குடுங்க, நான் பார்த்துப் பத்திரமா கொண்டுபோறேன்."

என்ன சொல்லி நிறுத்துவாள்? இருங்கள், நான் ரகசியமாக இறக்கினதை ரகசியமாக ஏற்றிவிட்டுத் தருகிறேன் என்றா? கிடார் பைக்குள் போனது, பை டிரைவர் தோளுக்குப் போனது, டிரைவர் படியிறங்கிப் போனார். அவள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வாசலில் நின்றாள்.

அத்தானுக்கு ஃபோன் போட்டாள்.

"என்ன வாலு? விருந்தாளிங்களை உட்கார வைக்கிற வேலை வேற என் தலையில கட்டிட்டானுங்க. சீக்கிரம் சொல்லு."

"அத்தான், அந்தக் கிடாரை ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடுங்க."

"மேடையில ஏறிப் பார்த்துக்குவேன். வேற?"

"ஒண்ணுமில்ல. நல்லா பண்ணுங்க."

இறங்கித்தானே இருக்கிறது, லேசாகத்தானே இருக்கும், சுகமாக வாசிப்பார் என்று கடையில் இருந்த நேரமெல்லாம் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியை இடதுபக்கம் ஏற்றி வலதுபக்கம் இறக்கி அனுப்பிவிட்டாள். அந்த மனிதர் கடை வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

சாயங்காலம் ஹால் நிறைய ஆட்கள். அக்கா புதுப்புடவையில் முதல் வரிசைக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தாள். பக்கத்தில் சின்னவள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. திரை விலகியது. ஸ்டோர் கீப்பர் குச்சியைத் தட்டினார். முதல் பாட்டுக்குத் தொடக்கமே அத்தானின் கிடார்தான்.

ஜ்ஜ்ஜ்ஜ்.

முள்வேலியில் பழகிய கை அது. இரும்பை வளைக்கிற பலத்தோடு அமுக்கியது, ஓங்கி மீட்டியது. தாழ்ந்து கிடந்த கம்பிகள் அந்த அடி தாங்காமல் ஃப்ரெட்டிலெல்லாம் மோதி, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி இரைந்தன. அமுக்கிய அமுக்கில் சுருதியும் ஓடிவிட்டது. பாட ஆரம்பித்த ரிசப்ஷன் பெண் எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முன்வரிசைக்கும் பரவியது. அத்தானின் மேனேஜர் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தான் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் ஜ்ஜ்ஜ்.

அவர் கிடாரைத் திட்டியிருந்தால், கடைக்காரனைத் திட்டியிருந்தால், சின்னவள் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவரோ தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு தன் கையில்தான் என்று நம்பிவிட்ட முகம். எத்தனையோ மாலைகள் பல்லைக் கடித்து வாசித்ததெல்லாம் வீண்தானா என்று கேட்கிற முகம். அதை அவளால் பார்க்க முடியவில்லை.

"எங்கடி போற?" என்று அக்கா புடவைத் தலைப்பை விலக்கிக்கொண்டு கேட்பதற்குள் அவள் மேடைப் படியில் ஏறிவிட்டாள்.

"அத்தான், தோள்லயே இருக்கட்டும். அசையாம நில்லுங்க."

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"பேசாம கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்க."

கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. தடித்த கம்பிப் பக்கத் திருகு, பிறகு மெல்லிய கம்பிப் பக்கத் திருகு. அவள் அளவுகோல் வைக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை பாட்டுக்குத் திருகியது, நிற்க வேண்டிய இடத்தில் தானாக நின்றது. ரிசப்ஷன் பெண் சமயோசிதமாக மைக்கைப் பிடித்து, கம்பெனி லிஃப்ட் பற்றி ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் அந்தப் பக்கம் சிரித்தது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஏத்தணும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெல்ல.

"தெரியும்."

"அளந்தே பார்க்கலையே?"

அவள் ட்யூன் பண்ணுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் இரண்டும் கொதித்தன. கையும் களவுமாக மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அதுவும் இத்தனை விளக்கு வெளிச்சத்தில்!

"இப்ப வாசிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அத்தான் வாசித்தார். எப்படிச் சொல்ல? சிரித்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள். கம்பி அவர் கைக்கு ஏற்ற உயரத்தில் நின்றது, கை கம்பிக்கு ஏற்ற பலத்தில் விழுந்தது. ரிசப்ஷன் பெண் உருகி உருகிப் பாடினாள், ஸ்டோர் கீப்பர் ஆனந்தத்தில் குச்சியைத் தவறவிட்டு உள்ளங்கையால் தட்டினார். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார், பிறகு ஹாலே எழுந்தது. இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று விடவே இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவளும் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் பெருமை. சின்னவளுக்குப் பாதி பெருமை, பாதி வேறு. மேடையில் அந்த மனிதர் கிடாரை அணைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது இனி அந்தக் கையை விட்டு வராது.

வீட்டுக்குள் வந்ததும் அத்தான் கிடாரைச் சாப்பாட்டு மேஜைமேல் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரு. எப்ப இருந்து?"

"என்னது எப்ப இருந்து?" என்று அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறைத்துப் பயனில்லை. சின்னவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காலையில் இறக்கியது, ராத்திரிக்கு ஏற்றியது, கால் சுற்று, இன்னொரு கால் சுற்று, வேன் டிரைவர். "உங்களுக்கு வெறுத்துப்போனா எனக்குத் தருவீங்கன்னு நினைச்சேன் அத்தான். நான் பண்ணினது தப்புத்தான். ஆனா எனக்கு அது மேல அவ்வளவு ஆசை."

அக்கா முதலில் "அடிப்பாவி!" என்றாள். அப்புறம் கணவரின் காய்த்த விரல்களைப் பார்த்தாள். வெந்நீரும் எண்ணெயும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், குபீரென்று சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

அத்தான் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கணக்குப் போடுகிறவர் மாதிரி மேலே பார்த்தார்.

"அந்த முதல் கால் சுற்று. வெள்ளிக்கிழமைன்னா சொன்னே?"

"ஆமா."

"எனக்கு விரல் நோகுதுன்னு சொன்ன வெள்ளிக்கிழமை?"

"ஆமா அத்தான்."

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஐயோ, அந்த வெள்ளிக்கிழமையாடி?" என்றாள்.

"ஏன்? என்ன அந்த வெள்ளிக்கிழமை?"

"எனக்கு அந்த வாரமே சலிச்சுப்போச்சும்மா" என்றார் அத்தான். "ஆபீஸ்ல வேற ஆளைப் பார்த்துக்குங்கன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். காலையில கிளம்பும்போதே உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன், சாயங்காலம் வந்து கிடாரை வாலுகிட்ட குடுத்துடறேன்னு. வந்து பையில போடறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தேன். வலிச்சுது. அதுவரைக்கும் வலிக்காதது, விடப் போறேன்னதும் வலிக்குது. ஒரு மரக்கட்டை என்னை ஜெயிக்கறதான்னு எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இதை ஒரு கை பார்த்துட்டுத்தான் விடணும்னு பிடிச்சேன்."

"என்கிட்ட சொல்லிட்டுத்தான்டி போனாரு" என்றாள் அக்கா மெதுவாக. "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு நான்தான் வாயைத் திறக்கலை."

சின்னவள் கிடாரைப் பார்த்தாள். அதில் ஒரு கைரேகை பதிந்திருந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"சரி, ஜெயிச்சாச்சே" என்றாள். "இப்ப சலிக்கலையா அத்தான்?"

"இப்பவா? நல்லா கேட்டே. அடுத்த மாசம் ரெண்டு இடத்துல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. வாழ்க்கையில ஒண்ணையாவது பாதியில விடாம பிடிச்சேன்னா அது இதுதான்." அவர் எழுந்தார், கிடாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார், அவள் பக்கத்தில் வந்து தலையில் கையை வைத்தார். "எல்லாம் உன்னாலதான். ரொம்ப தேங்க்ஸ்மா."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவளும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். மனிதர் மனதாரத்தான் சொன்னார்.